பட்டாளத்து நினைவுகளைப் பதிவு செய்தல்: செட்டிநாட்டு வீடுகளுக்கான முழு வழிகாட்டி

1971 டிசம்பரில் 20 வயதில் எல்லையில் நின்றவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிய வயது. 1965 சண்டைக்குப் போனவர்கள் எண்பதைத் தொட்டுவிட்டார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்கள் விஷயத்தில், இனி பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெட்டியில் வைத்திருக்கும் காகிதங்களைத்தான் பெரும்பாலும் நம்ப வேண்டியிருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் என்று எந்தப் பக்கம் போனாலும், சுற்றுக் கிராமங்களில் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று அடையாளம் சொல்லும் வீடு ஒன்றாவது இருக்கும். அந்த வீட்டுப் பெரியவரின் நினைவுகளை அவர் குரலிலேயே முறையாகப் பதிவு செய்ய நினைக்கும் மகன், மகள், பேரன், பேத்தி, ஊர் ஆசிரியர், கல்லூரி மாணவர் ஆகியோருக்காக எழுதியது இது.

பெரும்பாலானோர் எடுத்த எடுப்பிலேயே "சண்டையைப் பத்திச் சொல்லுங்க ஐயா" என்று தொடங்குகிறார்கள். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். கிடைப்பதும் செய்தித்தாளில் வந்த போர்ச் சுருக்கமாகவே இருக்கும். சரியான வரிசை வேறு: முதலில் அவருடைய சர்வீஸ் நம்பர், அடுத்து ஊரிலிருந்து கிளம்பிய பயணம், பிறகு பயிற்சி, யூனிட், அதன் பின் போர், கடைசியில் ஊர் திரும்பியது. பயிற்சிக் காலத்தை நிதானமாகக் கேட்டு வாங்கினால், போர்க்காலம் தானாக வரும். காரணம் இருக்கிறது. துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டியதும், காலை பி.டி.யும், பரேடு மைதானத்துச் சத்தமும் நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்தவை. மூளை மறந்தாலும் கை மறக்காது. போரின் ஒரு இரவு ஒரே ஒரு முறை நடந்தது, அதுவும் பயத்திலும் தூக்கமின்மையிலும்.

யாரை, எப்போது பார்ப்பது

ஊரில் யார் யார் முன்னாள் படைவீரர்கள் என்று தெரியாவிட்டால் நவம்பர் மாதம் உதவும். ஓய்வூதியதாரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வங்கிக்கும் இ-சேவை மையத்துக்கும் வருவது அப்போதுதான். டிசம்பர் 7 கொடிநாளை ஒட்டியும் அவர்கள் கூடுவதுண்டு. சிவகங்கையில் இருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் தனிநபர் விவரங்களைக் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. ஆனால் முன்னாள் படைவீரர் சங்கங்களோடு பேச வழி சொல்வார்கள்.

முதல் சந்திப்பில் ஒலிப்பதிவு வேண்டாம். போய் உட்காருங்கள், காபி குடியுங்கள், எதற்காகக் கேட்கிறீர்கள், யாரெல்லாம் கேட்பார்கள் என்று சொல்லுங்கள், காகிதங்களைப் பாருங்கள். மாத்திரை சாப்பிடும் நேரம், காது கேட்கும் அளவு, பகல் தூக்கம் ஆகியவற்றை வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பீரங்கிப் படையில் இருந்தவர்களில் பலருக்கு ஒரு காது மந்தமாக இருக்கும். எந்தக் காது என்று தெரிந்துகொண்டு மறுபக்கம் உட்காருவது மரியாதை மட்டுமல்ல, பதிவின் தரமும் அதில் இருக்கிறது. பொதுவாகக் காலை 9.30 முதல் 11 வரை நல்ல நேரம். ஒரு அமர்வு 90 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒருவருக்கு மூன்று அமர்வுகள் என்று திட்டமிட்டால் அவசரம் இருக்காது.

முதல் வேலை: நம்பர்

எந்தத் தகவலையும் சரிபார்க்க சர்வீஸ் நம்பர்தான் சாவி. அது கிடைக்கும் இடங்கள்: டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை, ஈ.சி.எச்.எஸ். எனப்படும் முன்னாள் படைவீரர் மருத்துவ அட்டை, பதக்கங்களின் விளிம்பு, கறுப்பு டிரங்குப் பெட்டி. பலர் பெட்டியைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். நம்பர், ரேங்க், பெயர், யூனிட் எல்லாம் வெள்ளைப் பெயின்டில் அதன் மூடியிலேயே எழுதியிருக்கும். பின்னால் வேறு பெயின்ட் அடித்திருந்தால், ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பழைய எழுத்தின் மேடு தெரியும்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும், காலிப் பக்கம் உட்பட, படமெடுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம், டிரேடு, பெற்ற பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும்.

1965, 1971 போர்ப் பதக்கங்களின் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருப்பார்கள். மிகச் சின்ன எழுத்துதான். பதக்கத்தைக் கறுப்புத் துணியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி ஆறேழு படம் எடுத்தால் முழுதும் படிக்கலாம். இரண்டாம் உலகப்போர் நட்சத்திரங்கள் பலவற்றில் பெயர் இருக்காது. அதை வைத்துப் பதக்கம் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதக்கத்தின் பெயரே நிறையச் சொல்லும். பூர்வி ஸ்டார் என்றால் 1971-ல் கிழக்கு முனை, பஷ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு முனை. சமர் சேவா ஸ்டார் 1965 போர்க்களத்துக்கு உரியது. ரக்ஷா மெடல் 1965-லும் சங்கிராம் மெடல் 1971-லும் பரவலாகக் கொடுக்கப்பட்டவை, அதனால் அவை மட்டும் இருந்தால் முன்னணியில் நின்றார் என்று எழுத முடியாது. இலங்கைக்குப் போனவர்களுக்கு ஸ்பெஷல் சர்வீஸ் மெடலில் 'ஸ்ரீலங்கா' என்ற பட்டை இருக்கும். பதக்கத்தை பிராஸோ போட்டுத் தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு தேய்ப்பிலும் விளிம்பு எழுத்து கரைகிறது.

காகிதம் எதுவும் இல்லையென்றால், ரெக்கார்டு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ.க்குச் செகந்தராபாத், தகவல்தொடர்புப் படையான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, மருத்துவப் படைக்கு லக்னோ, விமானப் படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படைக்கு மும்பை. கடிதத்தில் பெயர், தந்தை பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு, தெரிந்த யூனிட், உங்கள் உறவுமுறை, அதற்கான சான்றின் நகல் இருக்க வேண்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதிலே வராவிட்டால் அடுத்து 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் உரிமைச் சட்ட மனு. ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவர்களின் கோப்புகளைச் சில பத்தாண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவது வழக்கம். ஆனாலும் 'லாங் ரோல்' என்னும் பதிவேட்டில் ஒரு வரி மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு, அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

இங்கே செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். சிவகங்கை மாவட்டம் பிறந்தது 1985-ல். அதற்கு முன் காரைக்குடியும் தேவகோட்டையும் ராமநாதபுரம் மாவட்டம், பழைய காகிதங்களில் 'ராம்நாட்'. ராயவரம், அரிமளம், கோனாபட்டு பக்கத்து ஊர்கள் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், பிறகு திருச்சி மாவட்டம், 1974 முதல்தான் புதுக்கோட்டை மாவட்டம். எந்த ஆண்டில் சேர்ந்தாரோ அந்த ஆண்டின் மாவட்டப் பெயரில் தேடாவிட்டால் ஆள் கிடைக்க மாட்டார். பெயரும் அப்படித்தான்: கருப்பையா என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்துக்கூட்டல்கள் இருக்கும். தந்தை பெயரையே ஆள் பெயராக எழுதியிருப்பார்கள், சாதிப்பட்டம் ஒட்டியிருக்கும், வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்திருப்பார். எதையும் திருத்தாதீர்கள். காகிதத்தில் உள்ளது ஒன்று, வீட்டில் சொல்வது ஒன்று என்று இரண்டையும் எழுதி வையுங்கள்.

எங்கே உட்கார வைப்பது

வளவு வீடாக இருந்தால் முகப்பிலோ பட்டாலையிலோ பதிவு செய்யாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு பூசிய வழவழச் சுவர், உயரமான மச்சு எல்லாம் சேர்ந்து குரலை எதிரொலிக்க வைக்கும். திறந்த வளவில் புறாவும் சிட்டுக்குருவியும் பேச்சை மூடிவிடும். இரண்டாங்கட்டில், துணிமணி அடுக்கிய சின்ன அறை ஒன்றே போதும். தரையில் ஜமுக்காளம், பின்னால் ஒரு மெத்தையைச் சாய்த்து வைத்தால் எதிரொலி பாதி அடங்கும். ஓட்டு வீடு என்றால் திண்ணையைவிட உள் அறை நல்லது.

மின்விசிறியை நிறுத்த வேண்டியிருக்கும். வெயில் காலத்தில் 20 நிமிடம் பதிவு, ஐந்து நிமிடம் காற்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினால், அதன் அருகில் வீட்டுச் சாவியை வையுங்கள், அப்போதுதான் கிளம்பும்போது திரும்பப் போட நினைவு வரும். மாசி-பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா நேரத்தில் ஒலிபெருக்கி இல்லாத மணிநேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

கருவி விஷயத்தில் நல்ல கைப்பேசியும் சட்டையில் குத்தும் ஒரு சின்ன மைக்கும் போதும். மைக் தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில், ருத்திராட்சமோ சங்கிலியோ பாக்கெட் பேனாவோ உரசாத இடத்தில் இருக்க வேண்டும். கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுபோவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வைத்தால் ஒரு சேனலில் மணிக்கு ஏறக்குறைய அரை ஜி.பி. ஆகும். ஒலியளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும், சிவப்பைத் தொட்டால் உடைந்த ஒலியைப் பின்னால் சரிசெய்ய வழியில்லை. ஒரு நிமிடம் பதிந்து, காதுக்கருவி போட்டுக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். காணொளியும் எடுப்பதானால் முகத்துக்கு ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும்.

பதிவின் தொடக்கத்தில் உங்கள் குரலில் தேதி, ஊர், பேசுபவர் பெயர், உங்கள் பெயர், அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் இது உள்ளே இருக்கும்.

பயிற்சியிலிருந்து தொடங்குங்கள்

"வீட்டுல யாரு போகச் சொன்னா? யாரு வேண்டாம்னா?" என்ற கேள்வி நல்ல வாசல். அடுத்து ஆள் எடுத்த இடம்: திருச்சியா, மதுரையா, ஊருக்கே வந்தார்களா? ஓடவிட்டார்களா, மார்பளவு எடுத்தார்களா, எத்தனை பேரில் எத்தனை பேர் தேறினார்கள்? கையில் என்ன பை, யார் வழியனுப்பினார்கள், எந்த ரயில்? காரைக்குடி வழியாகப் போன போட் மெயிலைப் பற்றிக் கேட்டால் அந்த இரவு முழுவதும் வந்துவிடும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்குப் போனவர் என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில், ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் வெலிங்டன். வேட்டியோடு போய் இறங்கியவருக்கு அந்தக் குளிர் எப்படி இருந்தது?

முதல் நாள்: முடி வெட்டியது, கிட் கொடுத்தது, பூட்ஸ் அளவு சரியாக இருந்ததா, கம்பளி எத்தனை. பேரக்கில் கட்டில் எத்தனை, பக்கத்துக் கட்டிலில் யார். இந்தப் பக்கத்துக் கட்டில்காரர் முக்கியம். பின்னால் போரைப் பற்றிப் பேசும்போது அவர் பெயர் திரும்ப வந்தால், நீங்கள் ஏற்கெனவே அறிந்தவராக இருப்பீர்கள், பேச்சு தடைபடாது.

மொழி தனி அத்தியாயம். கட்டளைகள் எல்லாம் இந்தியில். தமிழ் மட்டும் தெரிந்த ரெக்ரூட் சாவ்தான் (விறைப்பாக நில்), விஷ்ராம் (தளர்வாக நில்) என்று கேட்டு எப்படிப் பிடித்துக்கொண்டார்? உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவர், தமிழ் தெரிந்தவரா? ரோமன் எழுத்தில் இந்தி படித்துத் தேர்வு எழுதினாரா? 1965 ஜனவரி, பிப்ரவரியில் தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்தபோது பேரக்கில் இருந்தவர் என்றால், ஊரிலிருந்து வந்த கடிதத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள். அரசியல் கருத்து கேட்க வேண்டாம், கடிதத்தைக் கேளுங்கள்.

ஆயுதத்துக்கு வரும்போது காணொளி கட்டாயம். கையில் ஒரு கம்பையோ ஊன்றுகோலையோ கொடுத்து, "தோளுக்கு எப்படி ஐயா கொண்டுவருவீங்க?" என்று கேளுங்கள். 303 ரைஃபிளில் பழகியவர் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை மேலே தூக்கிப் பின்னால் இழுத்து முன்தள்ளுவார். மேகசினில் பத்துக் குண்டு, ஐந்தைந்தாகக் கிளிப்பில் ஏற்றுவது. தானாகவே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். ரைஃபிள் பழகியவரின் கை வேறு மாதிரி அசையும், அதன் மேகசின் 20 குண்டு. பிரென் கன் என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கியைக் கையாண்டவரிடம் கழற்றும் வரிசையைக் கேட்டால் பிஸ்டன், பேரல், பட், பாடி, பைபாட் என்று மூச்சு விடாமல் சொல்வார். 36 நம்பர் கையெறி குண்டு என்றால், பின்னை எடுத்து எறிந்த பிறகு நான்கு விநாடி. முதன்முதலில் எறிந்த நாளைக் கேளுங்கள், எறிகுழிக்குள் உஸ்தாத் எங்கே நின்றார் என்றும் கேளுங்கள்.

இந்த ஆயுத விவரம் காலத்தைச் சரிபார்க்கவும் உதவும். 1962-ல் நம் காலாட்படையின் கையில் இருந்தது பெரும்பாலும் 303தான், எஸ்.எல்.ஆர். அதற்குப் பிறகுதான் பரவலாக வந்தது. 1962 பற்றிப் பேசும்போது எஸ்.எல்.ஆர். என்றால், பின்னால் பல ஆண்டு கையில் இருந்த ஆயுதம் முன்நினைவில் கலந்திருக்கலாம். அவரை மறித்துத் திருத்தாதீர்கள். குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதி வைத்து, அடுத்த அமர்வில் "அப்ப இருந்தது போல்ட் இழுக்குற மாதிரியா?" என்று இயல்பாகக் கேளுங்கள்.

காலாட்படை அல்லாதவர்கள் "நான் சண்டை போடல, டிரைவர்தான்" என்று ஒதுங்குவார்கள். அவர்களிடம்தான் நுணுக்கமான விவரம் இருக்கிறது. சாப்பராக இருந்தவரிடம் பெய்லி பாலம் கட்டியதைக் கேளுங்கள். பத்தடி நீளமும் 250 கிலோவுக்கு மேல் எடையும் உள்ள ஒரு பேனலை ஆறு பேர் கம்பு கோத்துத் தூக்குவார்கள். இருட்டில், விளக்கில்லாமல், யார் குரலுக்குக் கால் எடுத்து வைத்தார்கள்? லங்கரில் சமைத்தவரிடம் எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி, மழையில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேளுங்கள். நர்சிங் உதவியாளரிடம் பையில் என்னென்ன இருந்தது என்று கேளுங்கள்.

தண்டனையைப் பற்றியும் கேட்கலாம்: பித்தூ என்னும் முதுகுப் பையைக் கட்டிக்கொண்டு ஓடியது, உருண்டது. சிலர் சிரித்துக்கொண்டு சொல்வார்கள், சிலருக்கு அவமானம் இன்னும் ஆறியிருக்காது. முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்ளுங்கள். பயிற்சியின் கடைசி, கசம் பரேடு எனப்படும் உறுதிமொழி அணிவகுப்பு. எந்த நூலைத் தொட்டுச் சத்தியம் செய்தார், வீட்டிலிருந்து யாராவது வர முடிந்ததா, முதல் விடுமுறையில் ஊருக்குச் சீருடையோடு வந்தாரா?

போர்

இதற்குள் இரண்டாம் அமர்வு வந்திருக்கும். கேட்பவருக்குக் கொஞ்சம் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும்: ஏறக்குறைய பத்துப் பேர் ஒரு செக்ஷன், மூன்று செக்ஷன் ஒரு பிளாட்டூன், மூன்று பிளாட்டூன் ஒரு கம்பெனி, பட்டாலியனில் மொத்தம் 800 பேர் அளவில். ஒரு சிப்பாய் தன் செக்ஷனையும் பிளாட்டூனையும்தான் பார்த்திருப்பார். டிவிஷன் எங்கே நகர்ந்தது என்று அவரிடம் கேட்டால், பின்னால் படித்ததையும் கேட்டதையும்தான் சொல்வார். 1971-ல் 93,000 பேர் சரணடைந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நமக்கு வேண்டியது அவர் நின்ற இடம். "நீங்க நின்ன எடத்துலேர்ந்து என்ன தெரிஞ்சது? வலப்பக்கம் யாரு? இடப்பக்கம் யாரு? மோர்ச்சா எவ்வளவு ஆழம் தோண்டுனீங்க? மண்ணு எப்படி இருந்துச்சு?" செம்மண்ணும் சரளையும் பார்த்து வளர்ந்தவர் பஞ்சாப் வண்டல் மண்ணைப் பற்றிச் சொல்லும் ஒரு வரி, வரைபடம் சொல்லாததைச் சொல்லும். சண்டை தொடங்கியது எப்படித் தெரிந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டார், போர்நிறுத்தம் யார் வந்து சொன்னது, அன்றிரவு தூங்கினாரா.

எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். பேரப்பிள்ளைகள் ஆர்வத்தில் கேட்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள், குறுக்கே பேச வேண்டாம். குரல் நின்றால் மௌனத்தை நிரப்ப வேண்டாம், பத்து இருபது விநாடி பொறுங்கள். கை நடுங்கினாலோ, பேச்சு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தாலோ, பதிவை நிறுத்தட்டுமா என்று அவரிடமே கேளுங்கள். முடிவு அவருடையது. கனமான இடத்தில் அமர்வை முடித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். விடுமுறை, ரயில், சாப்பாடு என்று பேச்சைக் கரைக்குக் கொண்டுவந்து, அரை மணி நேரம் கூடவே இருந்துவிட்டு வாருங்கள். அன்றிரவு தூக்கம் கெடலாம் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள்.

1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இந்திய அமைதிப் படையோடு இலங்கையில் இருந்தவர்களின் நினைவு தனி வகை. தமிழ் பேசும் சிப்பாய், தமிழ் பேசும் ஊருக்குள் துப்பாக்கியோடு நின்ற காலம் அது. கொழும்போடு தலைமுறை தலைமுறையாகத் தொழில் உறவு வைத்திருந்த வட்டாரத்தில் இதைப் பேச அவர்கள் தயங்குவது இயற்கை. வாதம் செய்யவோ தீர்ப்புச் சொல்லவோ நீங்கள் போகவில்லை. மொழிபெயர்க்க அவரை அழைத்தார்களா, வீட்டு வாசலில் நின்று என்ன பேசினார் என்று கேளுங்கள். வேண்டுமென்றால் இந்தப் பகுதியை மட்டும் தன் காலத்துக்குப் பிறகே திறக்கலாம் என்று அவர் நிபந்தனை வைக்கலாம்.

1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வுபெற்றவரையும் கட்டுப்படுத்தும். இன்றும் பயன்பாட்டில் உள்ள நிலைகள், சியாச்சின் முகாம் விவரங்கள், தகவல்தொடர்பு முறைகள் எதையும் கேட்க வேண்டாம். அவர் சொல்லிவிட்டால் வெளியிடும் பிரதியில் எடுத்துவிடுங்கள்.

பர்மா, மலேயாவிலிருந்து வந்த குடும்பங்கள்

தாத்தா ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவத்தில்) இருந்தார் என்று சொல்லும் வீடுகளில் முதலில் பிரித்தறிய வேண்டியவை நான்கு. பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து, 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது கைதியாகி, பிறகு ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர் ஒரு வகை. தோட்டத்திலோ கடையிலோ இருந்து, 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் பொறுப்பேற்ற பிறகு சேர்ந்த பொதுமக்கள் இன்னொரு வகை. மூன்றாவது, படையில் சேராமல் இந்திய சுதந்திர லீக்கில் உறுப்பினராகவும் நன்கொடையாளராகவும் இருந்தவர்கள். வட்டிக்கடைக் குடும்பங்களில் இவர்களையும் விசாரிக்க வேண்டும். நான்காவது, சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். அவர்கள் சிப்பாய்கள் அல்லர், ஆனால் அந்த நினைவும் போர் நினைவுதான். அதை வேறு தலைப்பில் முழு மரியாதையோடு பதியுங்கள்.

முதல் வகையினருக்குப் பழைய ரெஜிமென்ட் நம்பர் உண்டு. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் கைதான ஐ.என்.ஏ. வீரர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வகை பிரித்தார்கள். வீட்டில் அந்தச் சொல் வழங்கிவந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகையினருக்கு அந்த நம்பர் இருக்காது. அவர்களுக்குப் பெரிய ஆதாரம், 1972-ல் மத்திய அரசு தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியத்துக்குப் போட்ட விண்ணப்பம். எந்த முகாம், எந்த ரெஜிமென்ட், யார் கீழ், எங்கே சிறை என்று அவர் கைப்படவே எழுதியிருப்பார், உடன் இருந்தவர்களின் சான்றும் இணைந்திருக்கும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தாலும் அந்தக் கோப்பு பொன். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில், 1997-ல் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்படைத்த 990 ஐ.என்.ஏ. கோப்புகள் பொதுமக்கள் பார்வைக்கு உள்ளன.

பிள்ளைகளிடம் கேட்கும்போது, "அப்பா சொன்னது", "அம்மா சொன்னது", "நான் படித்தது" என்று மூன்றையும் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஜெய் ஹிந்த் சொல்லி வணக்கம் வைத்தாரா, பயிற்சியில் கற்ற இந்துஸ்தானி கட்டளை எதையாவது வீட்டில் விளையாட்டாகச் சொன்னாரா, வாழைமர நோட்டு (மலேயாவில் ஜப்பானியர் வெளியிட்ட பணம்) ஏதும் பெட்டகத்தில் இருக்கிறதா? 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு நடந்தே வந்த குடும்பம் என்றால், தமு வழியாக மணிப்பூருக்கா, டாங்குப் வழியாக அக்யாப் கடற்கரைக்கா என்று கேளுங்கள்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து இறந்து, உடல் திரும்பாதவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பர்மாவில் இறந்தவர்களில் உடல் கிடைக்காதவர்கள் டாக்ச்சானில் உள்ள ரங்கூன் நினைவுத் தூண்களிலும், எரியூட்டப்பட்டவர்கள் அங்கேயே உள்ள தனி எரியூட்டு நினைவகத்திலும், மலேயா, சிங்கப்பூரில் இறந்தவர்கள் கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவகத்திலும் இருக்கிறார்கள். பெயரோடு தந்தை பெயரும் ஊரும் சிலருக்கு எழுதியிருக்கும், அங்கேயும் 'ராம்நாட்' என்றே தேடுங்கள். சுதந்திரத்துக்குப் பின் வீரமரணம் அடைந்தவர்களின் பெயர்கள் 2019 பிப்ரவரி 25-ல் திறக்கப்பட்ட டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

வீட்டில் இருந்தவர்கள்

மனைவியைத் தனியாக, அவருக்கென்று ஓர் அமர்வு வைத்துப் பதியுங்கள். கணவர் பக்கத்தில் இருந்தால் "அவுகளுக்குத்தான் தெரியும்" என்று ஒதுங்கிக்கொள்வார். மணியார்டர் எந்தத் தேதிக்கு வரும், யார் கையெழுத்துப் போட்டு வாங்கியது, கடிதத்தை யார் படித்துக் காட்டியது, தந்தி வந்த அன்று தெருவில் என்ன நடந்தது, மாமியார் வீட்டில் தனியாகப் பிள்ளை பெற்றது, நிலத்தைப் பார்த்துக்கொண்டது: எந்த அரசுக் கோப்பிலும் இல்லாத போர் வரலாறு இது. 1962 நெருக்கடியில் பாதுகாப்பு நிதிக்கு நகை கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். கடித உறைகளில் 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் அலுவலக எண் இருக்கும். முன்னது மேற்குப் பகுதித் தபால், பின்னது கிழக்கு. அஞ்சல் முத்திரைத் தேதியோடு சேர்த்துப் பார்த்தால் அவர் எந்த மாதம் எந்தப் பக்கம் இருந்தார் என்று தெரிந்துவிடும்.

தேதி பிடிப்பது

"எந்த வருஷம்?" என்றால் தவறும். ஊர் அறிந்த நிகழ்ச்சியோடு கட்டுங்கள். 1942 ஆகஸ்டில் தேவகோட்டை நீதிமன்றம் எரிந்தது, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது, 1969 பிப்ரவரி 3-ல் அண்ணா மறைந்தது, 1984 அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி கொலை, 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைவு. "அண்ணா செத்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டால் இடம், காலநிலை, கூட இருந்தவர் எல்லாம் ஒன்றாக வரும். திருமணம், முதல் பிள்ளை பிறப்பு ஆகியவற்றோடும் ஒப்பிட்டு, அமர்வுக்குப் பின் ஒரு காலவரிசைத் தாள் தயாரித்து அவரிடமே காட்டிச் சரிபாருங்கள்.

படங்களும் காகிதங்களும்

நம் ஊர் ஈரப்பதத்துக்கும் கரையானுக்கும் எதிராக லேமினேஷன் தீர்வல்ல. சூட்டில் பழைய மை கசியும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. செல்லோடேப், குண்டூசி, ஸ்டேப்ளர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். காகிதத்தை 300 டி.பி.ஐ.யிலும் படத்தை 600 டி.பி.ஐ.யிலும் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் விடாதீர்கள், ஸ்டூடியோ முத்திரையும் ஊர்ப் பெயரும் அங்கேதான் இருக்கும். சட்டமிட்டுப் பல ஆண்டு சுவரில் தொங்கிய படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கவே வேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். ஜன்னல் பிரதிபலிப்பு விழாத கோணத்தில் கண்ணாடிக்கு மேலேயே படமெடுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரைப் பின்னால் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். சட்டைக் கையில் ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். தொப்பிச் சின்னத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ரெஜிமென்ட் தெரியும். பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்கலாம், காகிதத்தைத் தொடாமல் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்து அனுப்புங்கள்.

எழுத்தில் எடுப்பதும் ஒப்படைப்பதும்

ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றாதீர்கள். "வந்தாக", "போனாக" என்று சொன்னால் அப்படியே இருக்கட்டும். பட்டாளத்து இந்திச் சொல்லை அவர் ஒலித்தபடி எழுதி, பொருளை அடிக்குறிப்பில் போடுங்கள். தகவல் பிழையும் அடிக்குறிப்பில்தான் சரியாக வேண்டும், அவர் வாக்கியத்துக்குள் கை வைக்கக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நேரக் குறி இடுங்கள்.

ஒப்புதல் தாள் தமிழில், ஒரே பக்கத்தில், உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. யார் கேட்கலாம், இணையத்தில் போடலாமா, எந்தப் பகுதி எத்தனை ஆண்டு மூடியிருக்க வேண்டும், விரும்பினால் திரும்பப் பெறலாம் என்ற நான்கும் தெளிவாக இருக்க வேண்டும். இறந்துபோன தோழர்களைப் பற்றிய வருத்தமான விவரங்கள் அவர்கள் வீட்டாருக்குத் தெரியாமல் இருக்கலாம். பெயரோடு வெளியிடும் முன் யோசியுங்கள்.

கோப்புப் பெயரில் ஆண்டு-மாதம்-நாள், ஊர், பெயரின் முதலெழுத்து, அமர்வு எண் இருந்தால் போதும். மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவியில், ஒன்று வேறு ஊரில். காரைக்குடியில் ஒரு வன்தட்டு, சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் மகளிடம் ஒன்று, மேகச் சேமிப்பில் ஒன்று. ஆண்டுக்கு ஒரு முறை மூன்றையும் திறந்து கேளுங்கள். யூடியூபில் ஏற்றுவது பாதுகாப்பு ஆகாது, அது காட்சிக்கு மட்டும்.

குடும்பம் ஒப்புக்கொண்டால், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையையும், கோட்டையூர்க்காரர் ஒருவரின் சேகரிப்பிலிருந்து வளர்ந்து இப்போது சென்னையில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், அவருடைய ரெஜிமென்ட் மையத்தின் அருங்காட்சியகத்தையும் அணுகிக் கேட்கலாம். ஒலிக் கோப்பு, எழுத்து வடிவம், காலவரிசைத் தாள், ஒப்புதல் தாளின் நகல், ஸ்கேன்கள் என்று ஐந்தும் ஒரே உறையில் போக வேண்டும். அசல் பதக்கங்களையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் கொடுக்காதீர்கள். குடும்ப ஓய்வூதியம், மருத்துவ அட்டை, பிள்ளைகளின் சலுகைக் கோரிக்கை என்று மனைவிக்கும் மக்களுக்கும் அவை இன்னும் தேவைப்படும்.